வலப்பக்கம் துடிக்கும் இதயம்

நேயர்களுக்கு வணக்கம். இதயத்தைத் தொட்டுக் காட்டுங்கள் என்றால் எல்லார் கையும் இடது மார்புக்குத்தான் போகும். சினிமா பார்த்துப் பழகிய கை! உண்மையில் இதயம் நெஞ்சின் நடுவில், மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கிறது. அதன் கூர்முனைதான் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த முனை வந்து இடிக்கும் இடத்தில் துடிப்பு நன்றாகத் தெரிவதால் இதயமே அங்கே இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஏறத்தாழ 12,000 பேரில் ஒருவருக்கு இந்தச் சாய்வு வலப்பக்கமாக இருக்கும். மருத்துவத்தில் இதற்கு டெக்ஸ்ட்ரோகார்டியா என்று பெயர். லத்தீனில் டெக்ஸ்டர் என்றால் வலது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இரவு, நெஞ்செரிச்சல் என்று ஒரு பெரியவர் வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஈசிஜி எடுத்தேன். ஈசிஜியில் இதயத்தின் மின்துடிப்பை ஒவ்வொரு கோணத்திலிருந்தும் காட்டும் பதிவுக்கு லீடு என்று பெயர். முதல் லீடில் மேல்நோக்கி இருக்க வேண்டிய அலைகள் எல்லாம் தலைகீழ். சரி, இடது கை வயரையும் வலது கை வயரையும் மாற்றி மாட்டிவிட்டோம் என்று கழற்றி, நிறம் பார்த்து மறுபடி மாட்டினேன். அதே கோடுகள். மூன்றாம் முறை எடுக்கப் போனபோது மூத்த செவிலியர் ஒருவர் மெதுவாக, "டாக்டர், ஸ்டெத்தை அந்தப் பக்கம் வச்சுக் கேளுங்களேன்" என்றார். வைத்தேன். லப் டப் என்று கணீரென்று கேட்டது. நான் முதலில் இடப்பக்கம் கேட்டபோது சத்தம் மந்தமாக இருந்ததை, அவர் உடல் பருமன் என்று நானே தள்ளிவிட்டிருந்தேன்.

வயர் மாறியதா, இதயமே மாறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மார்பில் ஒட்டும் ஆறு லீடுகளைப் பார்க்க வேண்டும். கை வயர் மட்டும் மாறியிருந்தால் இந்த ஆறும் வழக்கம்போலவே இருக்கும். இடப்பக்கம் போகப் போக அலை உயர்ந்துகொண்டே போகும். இதயம் வலப்பக்கம் இருந்தால் அலை குறைந்துகொண்டே போகும். அன்று அந்த ஆறு லீடுகளும் என் கண்முன்தான் இருந்தன.

எக்ஸ்ரேயிலும் இதே கூத்துதான். அந்த நாட்களில் படத்தை விளக்குப் பெட்டியில் திருப்பி மாட்டினால் யாருக்கு வேண்டுமானாலும் டெக்ஸ்ட்ரோகார்டியா வந்துவிடும். உண்மையாகவே இருப்பவரின் படத்தை, 'யாரோ தப்பாக மாட்டியிருக்கிறார்கள்' என்று நல்லெண்ணத்தோடு சரிசெய்கிறவர்களும் உண்டு. படத்தின் ஓரத்தில் இடது வலது சொல்லும் எழுத்து இருக்கிறதே, அது இதற்காகத்தான்.

இவர்களில் பலருக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல எல்லா உறுப்புகளுமே இடம் மாறியிருக்கும். கல்லீரல் இடது, இரைப்பையும் மண்ணீரலும் வலது. பெரும்பாலும் தொந்தரவு இருக்காது, முழு ஆயுளும் வாழ்வார்கள். ஆனால் குடல்வால் அழற்சி வந்தால் வலி இடது அடிவயிற்றில் வரும். நமக்குக் குடல்வால் நினைவுக்கே வராது. மற்ற உறுப்புகள் சரியான இடத்தில் இருந்து இதயம் மட்டும் வலப்பக்கம் திரும்பியிருந்தால்தான் கவலை. இதயத்தின் உள்ளேயும் பிறவிக் குறைகள் இருக்க வாய்ப்பு அதிகம், எக்கோ என்னும் இதய ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். இடது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து இதயம் வலப்பக்கம் தள்ளப்படுவது வேறு கதை, அது டெக்ஸ்ட்ரோகார்டியா ஆகாது.

ஏன் இப்படி? சில வாரங்களே ஆன கருவில் நுண்மயிர்கள் சுழன்று சுழன்று திரவத்தை இடப்பக்கமாகத் தள்ளுகின்றன. எது இடது என்று உடலுக்குத் தெரிவது அப்போதுதான். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிக் கருவில் இதைப் பார்த்தார்கள். இந்த மயிர்கள் பிறவியிலேயே சரியாக அசையாவிட்டால் மிச்சமெல்லாம் பூவா தலையாதான். பாதிப் பேருக்கு உறுப்புகள் பக்கம் மாறிவிடும். மூச்சுக்குழாயில் சளியைத் துடைத்து வெளியேற்றுவதும் இதே வகை மயிர்கள். அதனால் இதயம் வலப்பக்கம் இருப்பவர்களில் சிலருக்குச் சிறு வயதிலிருந்தே சைனஸ், ஓயாத சளி, இருமல். சுவிட்சர்லாந்து மருத்துவர் கார்டஜினர் 1933-இல் உறுப்புகள் பக்கம் மாறுவது, சைனஸ், மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்குவது ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை விவரித்தார். மயிர்கள்தான் காரணம் என்று ஸ்வீடனின் அஃப்சேலியஸ் சொன்னது 1976-இல். சளிக்கும் இதயம் இருக்கும் பக்கத்துக்கும் இப்படியொரு உறவு இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

அப்புறம் அந்தப் பெரியவர். நெஞ்செரிச்சல் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அவரை நாங்கள் விடவில்லை. மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வு வந்தால் சொல்லி அனுப்புவோம். பஸ் காசும் மதியச் சாப்பாடும் வாங்கிக்கொண்டு, சட்டையைக் கழற்றிக் கட்டிலில் சாதுவாக உட்கார்ந்திருப்பார். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து இடது மார்பில் ஸ்டெத்தை வைத்துத் திணறுவார்கள். யாராவது ரொம்பவும் வியர்த்துப்போனால், தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்பும் நேரமாகப் பார்த்து, வலது மார்பை மெல்லச் சொறிந்துகொள்வார்.