ரோந்துக் காவலரின் இடுப்பில் துப்பாக்கி வேண்டாம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

குற்றவாளியின் கையில் ஆயுதம் இருக்கும்போது காவலரை வெறுங்கையோடு அனுப்புவது அவரைப் பலி கொடுப்பதற்குச் சமம் என்று எதிரணி நண்பர் மனம் உருகப் பேசினார். காவலரின் உயிர்மீது அவருக்குள்ள அக்கறை எங்களுக்கும் உண்டு. காவல்துறையிடம் துப்பாக்கியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பயிற்சி பெற்ற தனிப்பிரிவிடம் அது இருக்கட்டும். அன்றாட ரோந்துக்குப் போகிறவரின் இடுப்பில் தொங்க வேண்டாம் என்பதே எங்கள் வாதம்.

குடும்பச் சண்டை, காணாமற்போன குழந்தை, வாகன விபத்து, குடிபோதைத் தகராறு என்று காவலரைத் தேடி வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோட்டாவால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் இடுப்பில் துப்பாக்கி இருந்தால், அழையாமலே அது இவை அனைத்திலும் நுழைந்துவிடுகிறது. போதையில் ஒருவர் காவலரின் சட்டையைப் பிடித்து இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயுதமில்லாத காவலர் இரு கைகளாலும் அவரை மடக்கிப் பிடிக்கலாம். துப்பாக்கி வைத்திருப்பவரோ, உறையை முழங்கையால் அழுத்திக் காத்துக்கொண்டு, மற்றக் கையால் போராட வேண்டும். அது பறிபோனால் தம் உயிரே போய்விடும் என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொள்ள, சாதாரணக் கைகலப்பு அந்த நொடியே உயிர்ப் போராட்டமாகிவிடுகிறது. ஆயுதம் பறிபோகாமல் காப்பதற்கென்றே காவலர்களுக்குத் தனிப் பயிற்சி அளிக்கப்படுவதை எதிரணியினர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவும் அன்று. வட அயர்லாந்து நீங்கலான பிரிட்டனிலும், அயர்லாந்துக் குடியரசிலும், ஐஸ்லாந்திலும், நியூசிலாந்திலும் சாதாரண ரோந்துக் காவலர் துப்பாக்கி ஏந்துவதில்லை. 1944இல் குடியரசான ஐஸ்லாந்தில், காவல்துறை சுட்டு ஒருவர் இறந்தது 2013இல்தான் முதன்முறையாக நிகழ்ந்தது. அவர் காவலர்களை நோக்கிச் சுட்டவர்; அப்படியிருந்தும் அவருடைய குடும்பத்தாரிடம் காவல்துறை வருத்தம் தெரிவித்தது. ஓர் உயிரின் மதிப்பை உணர்ந்த துறை அது என்று நான் மதிக்கிறேன்.

நியூசிலாந்தின் அனுபவம் இன்னும் கடுமையானது. 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த தாக்குதலில் 51 பேர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டின் பிற்பகுதியில், ஆயுதமேந்திய ரோந்துக் குழுக்களை மூன்று வட்டாரங்களில் ஆறு மாதம் சோதித்துப் பார்த்தார்கள். மக்களின் கருத்தையும் கேட்டபின், 2020 ஜூனில் அத்திட்டத்தைக் கைவிட்டார்கள். அத்தனை பெரிய துயரத்துக்குப் பின்னும் எடுக்கப்பட்ட முடிவு அது.

ஆயுதப் பிரிவு வந்து சேரும்வரை காவலர் என்ன செய்வார் என்ற கேள்விதான் எதிரணியின் வலுவான கேள்வி. அதற்கும் நியூசிலாந்திலேயே விடை இருக்கிறது: அங்கே ரோந்து வண்டியின் பூட்டிய பெட்டிக்குள் துப்பாக்கி இருக்கிறது, ஆபத்து தென்பட்டால் காவலர் அதை எடுக்கலாம், எடுத்ததை மேலதிகாரிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் தெரிவிக்க வேண்டும். பூட்டைத் திறக்க ஆகும் சில நொடிகள் சில வேளைகளில் ஆபத்தாக முடியலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லும் நோக்கில் சுடலாம் என்று 1990இல் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்ற நெறிமுறை கூறுகிறது; வேறு வழி உண்டா என்று காவலர் எண்ணிப் பார்க்க அந்தச் சில நொடிகளே இடம் தருகின்றன. ஆகவே, பூட்டிய பெட்டியும் தனிப்பிரிவும் போதும் என்று தீர்ப்பளிக்குமாறு நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.