மந்தையை விட்டு விலகிய சொல்

நண்பர்களே, ஓய்வு பெறும் பேராசிரியர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் வாழ்த்துரை எழுதி, திருத்தித் தரச் சொல்லி ஒரு தம்பி என்னிடம் வந்தார். முதல் வரியே 'உங்கள் இக்ரீஜியஸ் (egregious) சேவைக்கு நன்றி'. "ஏன் தம்பி, அவர் உங்களைப் பெயிலாக்கினாரா?" என்று கேட்டேன். "ஐயா, அகராதியில் 'சிறப்புமிக்க' என்று போட்டிருக்கிறதே" என்றார். போட்டுத்தான் இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் 'வழக்கொழிந்தது' என்றும் இருந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்துத் தெரிபவர் 'எக்ரேகியுஸ்'. நல்ல பாராட்டு. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் அந்தப் பொருள் இருந்தது. ஆனால் அதே நூற்றாண்டிலேயே, 'பெரிய மேதாவி' என்று நாம் இழுத்துச் சொல்வோமே, அந்தத் தொனி ஒட்டிக்கொண்டது. கடைசியில் கேலியே பொருளாகிவிட்டது; இன்று 'அதிர வைக்கும் அளவுக்கு மோசமான' என்றுதான் அர்த்தம். இத்தாலிக்காரர்கள் மட்டும் இன்றும் கடிதத்தில் 'எக்ரேஜோ' என்று மரியாதையாக விளிக்கிறார்கள். நம் 'நாற்றம்' பூவை விட்டுச் சாக்கடைக்கு வந்த கதைதான் இது.

சரி, எங்கே போடுவது? வெறும் மோசத்துக்கு இது வேண்டாம். விடைத்தாளில் ஓர் எழுத்து விட்டுப்போனால் அது பிழை, அவ்வளவுதான். இடது காலில் செய்ய வேண்டிய அறுவையை வலது காலில் செய்தால், அது இக்ரீஜியஸ். மற்ற தவறுகளை அதன் பக்கத்தில் நிறுத்தினால் அவை சாதுவாகத் தெரியும். பிழை, பொய், விதிமீறல், முறைகேடு என்று மனிதர் செய்ததோடுதான் இது சேரும். தலைவலிக்குப் போட்டால் சிரிப்பார்கள்.

'ஃப்ளேக்ரன்ட்' (flagrant) என்ற சொல் இதன் பங்காளி. ஆனால் அதில் வெட்கமில்லாத துணிச்சல் உண்டு. அசந்து செய்த தவறுகூட இக்ரீஜியஸ் ஆகலாம், ஃப்ளேக்ரன்ட் ஆவது கடினம். பத்திரிகைகளில் இரண்டுக்குமே 'அப்பட்டமான' என்று போட்டுவிடுகிறார்கள். ஃப்ளேக்ரன்டுக்கு அது சரி. இக்ரீஜியஸுக்கு என் ஓட்டு 'மகா'வுக்கு. மகா முனிவர் என்கிறோம், மகா மட்டம் என்றும் சொல்கிறோம். கும்பிட்ட வாயாலேயே திட்டவும் வருகிறது பாருங்கள்!

அப்புறம் அந்தத் தம்பி என்ன ஆனார் என்கிறீர்களா? 'எமினென்ட்' (eminent), அதாவது 'புகழ்மிக்க' என்று மாற்றச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் 'இம்மினென்ட்' (imminent) பேராசிரியர் என்று தட்டச்சு செய்து கொண்டுவந்தார். விடைபெறுகிற மனிதரை 'இதோ வந்துகொண்டிருக்கிறார்' ஆக்கிவிட்டார்!