காட்ஜி பெரி பிம்பா!

நடுவர் அய்யாவுக்கும் அவைக்கும் வணக்கம். மிச்ச வணக்கமெல்லாம் முன்னால் பேசியவர்கள் போட்டுவிட்டார்கள்.

முதல் உலகப் போரின் நடுவே அர்த்தத்தையே உதறிக் கிளம்பிய டாடா இயக்கம் தொடங்கி, கனவைக் கலையாக்கிய சர்ரியலிசம் வரை நடந்த கலைக் கலகம் வெறும் கிறுக்கா, போர் தந்த காயமா என்பது தலைப்பு. நான் காயத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய அக்கா, டாடா கவிஞர் ஹ்யூகோ பாலின் அர்த்தமில்லாத ஒலிக் கவிதையைப் படித்துக் காட்டிவிட்டு, "இதைவிட எங்கள் வீட்டு மிக்ஸி தெளிவாகப் பேசும்" என்றார். எல்லாரும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், பொய் சொல்வானேன்!

ஆனால் அக்கா பாதிக் கதையோடு உட்கார்ந்துவிட்டார். மீதியைக் கேளுங்கள். 1916 ஜூன். சூரிச் நகரத்துச் சந்து ஒன்றில் காபரே வோல்தேர், டாடாக்காரர்கள் கூடிய கேளிக்கை அரங்கு. விளக்கை அணைக்கிறார்கள். இருட்டில் எதையோ தூக்கி வந்து மேடையில் நிறுத்துகிறார்கள். விளக்கு எரிந்தால், அட, ஆள்! நம்ம ஹ்யூகோ பால்! இடுப்புவரை பளபளக்கும் நீல அட்டைக் குழாய். நடக்க முடியாது, அதனால்தான் தூக்கி வந்தார்கள்! கழுத்தில் பெரிய அட்டைக் காலர், உள்ளே சிவப்பு, வெளியே தங்க நிறம். முழங்கையை ஆட்டினால் அதுவே இறக்கை. தலையில் நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட உயரத் தொப்பி. இந்தக் கோலத்தில் கம்பீரமாகத் தொடங்குகிறார்: "காட்ஜி பெரி பிம்பா..."

அக்கா இங்கே நிறுத்திவிட்டார். போகப் போக ஹ்யூகோ பாலின் குரல் தானாக மாறியது. சின்ன வயதில் ஊர்ச் சர்ச்சில் கேட்ட துக்கப் பூசையின் ராகம் வந்து ஏறிக்கொண்டது. அவரே டைரியில் எழுதியிருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவே மனுஷன் ஒப்பாரிக்குள் போய்விட்டார் அய்யா! மறுபடி விளக்கை அணைத்து, வேர்வையில் நனைந்தவரை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். 1914இல் போர்முனையை நேரில் பார்த்தவர் அவர்.

சரி, மிக்ஸிக்கு வருவோம். அந்த வருஷம் தெளிவாகப் பேசியவர்கள் யார் அக்கா? தளபதிகள்! பத்திரிகைகள்! காபரே பிப்ரவரி 5 அன்று திறந்தது. அதே மாதம் 21 அன்று பிரான்சின் வெர்டனில் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் சண்டை தொடங்கியது. செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என இரு தரப்பிலும் ஏறத்தாழ 7 லட்சம். எல்லாம் எழுத்துப் பிழை இல்லாத உத்தரவுகளால்! பத்திரிகைகள் கெடுத்துவைத்த மொழியே வேண்டாம் என்று ஹ்யூகோ பால் உதறியது அதனால்தான்.

அதே 1916இல் மருத்துவ மாணவர் ஆந்த்ரே பிரெதோன், போரில் மனம் பேதலித்த சிப்பாய்களின் கனவுகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். 1924இல் சர்ரியலிச அறிக்கையை எழுதியது அந்தக் கைதான்.

அப்புறம் இன்னொன்று. மணியடிக்காதீர்கள் அய்யா! இந்தக் கலகக் கூட்டத்து ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட், போரில் ஜெர்மன் பீரங்கிப் படையில் இருந்தவர். அதே கூட்டத்துக் கவிஞர் போல் எலுவார், எதிர்ப்பக்கத்து பிரெஞ்சுச் சிப்பாய். 1922இல் எர்ன்ஸ்ட் பிரான்சுக்குள் வர வழியில்லை. எலுவார் தன் பாஸ்போர்ட்டையே கொடுத்தார். குண்டு போட்ட படையின் ஆள், குண்டடி பட்ட நாட்டுக்காரன் பெயரில் எல்லை தாண்டி வந்து, அவன் வீட்டிலேயே தங்கினான். அக்கா, உங்கள் கணக்கில் இதுவும் கிறுக்குதானா? தீர்ப்பை நடுவர் அய்யா சொல்லட்டும். நன்றி, வணக்கம்!