கண்ணாடி இல்லாத வீடு

நேயர்களுக்கு வணக்கம். தகரக் கூரையின் கீழ் ஒரு கோடை மதியத்தைக் கழித்தவர்களிடம், அதே தகரத்தைக் கொண்டு வீடு கட்டியவருக்கு 2002-ஆம் ஆண்டு கட்டடக்கலையின் மிக உயரிய பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர்தான் ஆஸ்திரேலியரான கிளென் மர்கட்.

1936-இல் லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தைப் பப்புவா நியூ கினியில் கழித்து, சிட்னியில் படித்த அவர், 1969-இல் தனியாகத் தொழில் தொடங்கினார். தனியாக என்றால் உண்மையிலேயே தனியாக; பணியாளர்கள் நிறைந்த அலுவலகம் கிடையாது, கணினி கிடையாது, கையால் தாமே வரைவார். ஆகவே, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை உள்ளவர்களுக்கே அவரிடம் வீடு கிடைத்தது.

தகரம் சுடும், அதை அவரும் மறுக்கவில்லை. சூடேறிய காற்று எங்கே போகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. கெம்ப்சி அருகே 1975-இல் முடித்த பண்ணை வீட்டில், கூரை முகட்டின் வழியே அது வெளியேற வழிவிட்டார். பின்னாளில் அந்த வீட்டை அவரே விலைக்கு வாங்கினார். வேறு நற்சான்று எதற்கு?

நான் எங்கே பேசினாலும் வந்து நிற்கும் இடம், வடக்கே ஆர்னெம் நிலப்பகுதியில் யிர்கலாவில் உள்ள மரிகா-ஆல்டர்டன் வீடு. யோல்ங்கு பழங்குடி இனத்து ஓவியர் ஒருவரின் குடும்பத்துக்காக 1994-இல் முடிக்கப்பட்ட அந்த வீட்டில் ஒரு சன்னலுக்கும் கண்ணாடி இல்லை. சிட்னிப் பக்கம் பாகம் பாகமாகச் செய்து, கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். தரையைத் தொடாமல் கால்களின் மேல் நிற்பதால், கடல் பொங்கினால் நீர் அடியில் ஓடிவிடும். சுவர்ப் பலகைகளை மேலே தூக்கி நிறுத்தினால் வீடே திண்ணையாகிவிடும். யார் வருகிறார், வானம் எப்படி மாறுகிறது என்று உள்ளிருப்பவர் பார்க்கலாம். வெளியிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. கூரைமேல் உள்ள குழாய்கள் புயலின்போது உள்ளழுத்தத்தை வெளியேற்றும். மறுபடியும் சொல்கிறேன், கண்ணாடியே இல்லை, குளிரூட்டியும் வேண்டாம்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மெல்பர்ன் நியூபோர்ட்டில் ஹக்கான் எலெவ்லியுடன் சேர்ந்து அவர் வடிவமைத்த பள்ளிவாசலைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே குவிமாடம் கிடையாது. கூரையில் 96 ஒளிக்கூண்டுகள், நான்கு திசைகளுக்கும் நான்கு நிறக் கண்ணாடிகள். வெயில் நகர நகர, தொழுகைக் கூடத்தில் விழும் நிறமும் மாறிக்கொண்டே போகும்.