பழைய தப்பு புது கேஸுக்கு சாட்சியா?

வணக்கம். திருட்டு கேஸ்ல ஒருத்தன் கூண்டுல நிக்கிறான், ஏற்கனவே திருடி உள்ள போனவன்னு தெரிஞ்சா போதும், "அப்போ இவன்தான்"னு நம்ம மனசே தீர்ப்பு எழுதிரும், மிச்ச சாட்சிய யாரு காது குடுத்து கேக்கப்போறா. அதனாலதான் ஆளோட குணத்த காட்டுறதுக்காக பழைய தப்ப கோர்ட்டுக்குள்ள இழுக்கக்கூடாதுங்கிறாங்க, அமெரிக்க ஃபெடரல் சாட்சிய விதி 404லயும் அதான் இருக்கு. ஆனா நோக்கம், திட்டம், ஆள் அடையாளம், இது தற்செயல் இல்லங்கிறது, இப்படி எதையாச்சும் நிரூபிக்கத்தான்னா கொண்டுவரலாம்னு அதே விதி வழியும் விடுது.

1915ல இங்கிலாந்துல ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் கேஸ். கல்யாணம் பண்ணின பொண்ணு குளியல் தொட்டியில மூழ்கி செத்துட்டா, மொதல்ல விபத்துன்னுதான் ஃபைல மூடுனாங்க. அப்புறம் பாத்தா அவன் கட்டுன இன்னும் ரெண்டு பேரும் அதே மாதிரி தொட்டியிலயே செத்திருக்காங்க. வழக்கு என்னவோ மொத சாவுக்கு மட்டும்தான், ஆனா பின்னாடி நடந்த ரெண்டையும் ஜூரி (குற்றவாளியா இல்லையான்னு முடிவு பண்ற சாதாரண ஜனங்க குழு) கேட்டாங்க, அவன தூக்குல போட்டாங்க. எனக்கு இதுல ஆட்சேபனையே இல்ல, மூணு பேரும் தற்செயலா தொட்டியில போனாங்கன்னு யாரு நம்புவா.

நியூயார்க்ல கத வேற. மாலினோ கேஸ்ல விஷம் வச்சு கொன்னதா தண்டன குடுத்திருந்தாங்க, இன்னொரு விஷச் சாவையும் ஜூரிகிட்ட சொன்னது தப்புன்னு 1901ல மேல்கோர்ட் அத ரத்து பண்ணுச்சு, மறுவிசாரணைல ஆளு விடுதலை. அந்தத் தீர்ப்ப புடிச்சுத்தான் 2024ல ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனோட நியூயார்க் பாலியல் குற்றத் தண்டனையும் ஜட்ஜுங்க 4க்கு 3னு பிரிஞ்சு ரத்தாச்சு, குற்றப்பத்திரிகைல இல்லாத பொண்ணுங்கள சாட்சி சொல்ல வச்சதுக்காக. ஒரு ஓட்டு வித்தியாசம், அதுலயே தெரியுது கோடு எவ்ளோ மெலிசுன்னு. (2025 மறுவிசாரணைல ஒரு குற்றச்சாட்டுல மறுபடி மாட்டுனாரு.)

என்னைய கேட்டா ஓட்டை வேற இடத்துல இருக்கு. சாட்சிய உள்ள விட்டுட்டு ஜட்ஜ் ஜூரிய பாத்து "இத நோக்கத்துக்கு மட்டும் எடுத்துக்குங்க, ஆளு எப்படிப்பட்டவன்னு முடிவு பண்ண எடுக்காதீங்க"ம்பாரு. காதுல விழுந்தத எப்படிங்க பாதி மட்டும் கேக்குறது? 1997ல ஓல்டு சீஃப்ங்கிறவரோட கேஸ்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொஞ்சம் புத்திசாலித்தனமா போச்சு, முன்னாடி தண்டன வாங்கினத அவனே ஒத்துக்குறப்ப அது என்ன குற்றம்னு ஜூரிக்கு விவரமா சொல்ல வேண்டியதில்லன்னாங்க. இதையே எல்லா கேஸ்லயும் கேக்கணும்ங்கிறேன் நான்: அரசு வக்கீலய்யா, இந்தப் பழைய கத இல்லாம உங்களால எத நிரூபிக்க முடியல? அதுக்கு நேரா பதில் வரலன்னா உள்ளயே விடாதீங்க.