ராத்திரி தண்ணீர் இறைத்தார், பகலில் தத்துவம் படித்தார்

(திரை இருட்டாக இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் மொள்ளும் சத்தம் மட்டும்.)

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ். ஊர் தூங்கிவிட்டது. ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் மட்டும் வாட்டசாட்டமான ஒரு ஆள் தண்ணீர் இறைத்துச் செடிகளுக்குப் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். விடிந்தால் அவருக்குத் தத்துவ வகுப்பு.

பெயர் கிளியாந்தஸ். விதியை ஏற்று, மனம் கலங்காமல் வாழச் சொல்லும் ஸ்டோயிக் தத்துவம் என்று தேடினால் ரோமானியக் காலத்து ஆட்களான செனிகா வருவார், எபிக்டெட்டஸ் வருவார், மார்கஸ் அரேலியஸ் வருவார். இவர் வர மாட்டார். ஆனால் அவர்களுக்கெல்லாம் பல தலைமுறை முன்னால், அந்தப் பள்ளிக்குச் சுமார் 30 வருஷம் தலைமை தாங்கியவர் இவர்தான்.

(வரைபடம்: ஏஜியன் கடல், லெஸ்போஸ் தீவு, எதிர்க்கரையில் ஒரு புள்ளி.)

பிறந்தது அஸோஸ் என்ற ஊரில், கி.மு. 330 வாக்கில். இன்று அது துருக்கியின் மேற்குக் கரை. ஆரம்பத்தில் இவர் குத்துச்சண்டை வீரர். ஏதென்ஸுக்கு வந்தபோது கையில் இருந்தது 4 திராக்மா, அதாவது நாலே நாலு கிரேக்க வெள்ளிக் காசு. இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் தியோஜெனஸ் லயர்ஷியஸ். கிளியாந்தஸுக்குக் கிட்டத்தட்ட 500 வருஷம் பிந்தியவர், தத்துவஞானிகளைப் பற்றிய ஊர்ப்பேச்சை விடாமல் சேர்த்து வைத்தவர். அதனால் ஒவ்வொரு கதையையும் கொஞ்சம் சந்தேக உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். இருந்தாலும் ருசியான கதைகள்.

அப்போது ஏதென்ஸில் ஜீனோ என்ற சைப்ரஸ்காரர், ஓவியங்கள் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த மாதிரி மண்டபத்துக்குக் கிரேக்கத்தில் 'ஸ்டோவா' என்று பெயர். ஸ்டோயிக் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். கிளியாந்தஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். சரி, சாப்பாட்டுக்கு? ராத்திரி தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைப்பு, ஒரு பெண்மணிக்கு மாவு அரைப்பு.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? கிணற்றுக்குக் கிரேக்கத்தில் 'ஃப்ரியார்'. கிளியாந்தஸ் என்ற பெயரைக் கொஞ்சம் திருப்பி 'ஃப்ரியாண்ட்லஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிணறு இறைப்பவன் என்று அர்த்தம். பட்டப்பெயர் வைப்பதில் ஏதென்ஸ்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

அந்தக் காலத்துக் காகிதமான பாப்பிரஸ் வாங்கக் காசு கிடையாது. ஜீனோ சொல்வதை ஓடுகளிலும் மாட்டின் தோள்பட்டை எலும்புகளிலும் எழுதி வைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். மாட்டின் தோள்பட்டை எலும்பு விசிறி மாதிரி அகலமாக, தட்டையாக இருக்கும். அதில் ஒரு பத்தி எழுதலாம். ஒரு வருஷப் பாடத்துக்கு எத்தனை எலும்பு சேர்ந்திருக்கும்!

அப்புறம் ஒரு நாள் வழக்கு வந்தது. பகல் முழுக்க மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறான், உடம்போ கட்டுமஸ்தாக இருக்கிறது, இவனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று ஏதென்ஸின் பழைய நீதிமன்றமான அரியோபகஸ் மன்றம் விசாரித்தது. கிளியாந்தஸ் பேச்சுத் திறமை எதையும் காட்டவில்லை. இரண்டு சாட்சிகளைக் கூட்டி வந்தார். ஒருவர் தோட்டக்காரர், இன்னொருவர் அந்த மாவுக்காரப் பெண்மணி. நீதிபதிகள் நெகிழ்ந்துபோய் 10 மினா கொடுக்கச் சொன்னார்கள். அதாவது 1000 திராக்மா, அவர் ஊரிலிருந்து கொண்டுவந்ததைப் போல 250 மடங்கு. ஜீனோ வாங்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்.

பின்னாளில் மாசிடோனிய மன்னர் அந்திகோனஸ் கொடுத்த 3000 திராக்மாவை இவர் பெற்றுக்கொண்டதாகவும் அதே தியோஜெனஸ் சொல்கிறார். ஜீனோ அப்போது பக்கத்தில் இல்லை போலிருக்கிறது.

(காட்சி: மெழுகு பூசிய எழுதுபலகை. அதில் மெல்லக் கீறும் எழுத்தாணி.)

இவரைப் பற்றி எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரு விஷயம்: மந்தமானவர். பாடம் சட்டென்று ஏறாது. கெட்டி மெழுகுப் பலகை என்பார் ஜீனோ. எழுதுவது கஷ்டம், எழுதிவிட்டால் அழியாது. சக மாணவர்கள் கழுதை என்றே கூப்பிட்டார்கள். 'ஆமாம், ஜீனோவின் மூட்டையைச் சுமக்க என்னால் மட்டும்தானே முடிகிறது' என்றாராம் இவர்.

அவர் சொன்னதுதான் நடந்தது. கி.மு. 262 வாக்கில் ஜீனோ இறந்ததும் பள்ளி இவர் கைக்கு வந்தது. இவரிடம் படித்த கிரிசிப்பஸ் நேர் எதிர் ரகம், படு வேகம். 'கொள்கையை மட்டும் சொல்லுங்கள், நிரூபணத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று ஆசிரியரிடமே சொன்ன ஆள். அடுத்த தலைவரும் அவர்தான்.

ஒருமுறை நாடக அரங்கில் சோசிதியஸ் என்ற கவிஞர், கிளியாந்தஸ் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவரைக் கிண்டல் செய்து ஒரு வரி சொன்னார். கிளியாந்தஸ் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கூட்டம் இவருக்குக் கைதட்டி, கவிஞரை விரட்டிவிட்டது.

ஆனால் இவரும் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. சாமோஸ் தீவின் அரிஸ்டார்கஸ், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று அப்போதே சொன்னவர். கோப்பர்நிக்கஸுக்கு சுமார் 1800 வருஷம் முன்னால்! உலகத்தின் அடுப்பான பூமியையே இடம்மாற்றி வைக்கிறான், தெய்வ நிந்தனை என்று அவர்மேல் வழக்குப் போட வேண்டும் என்றார் கிளியாந்தஸ். பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் இதைப் பதிவு செய்திருக்கிறார். தன் சோற்றுக்கே மன்றத்தில் கணக்குச் சொல்லி நின்றவர், இன்னொருவரைக் கூண்டில் ஏற்றப் பார்த்தாரே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

வயதான காலத்தில் ஈறு வீங்கியது. வைத்தியர்கள் இரண்டு நாள் பட்டினி இருக்கச் சொன்னார்கள். குணமானது. இனி சாப்பிடலாம் என்றபோது, பாதையில் ரொம்ப தூரம் வந்துவிட்டேன் என்று மறுத்து, கி.மு. 230 வாக்கில் இறந்துபோனார்.

(திரையில்: ஒரு பழைய ஏட்டின் பக்கம்.)

சுமார் 50 நூல்கள் எழுதினார். முழுசாகத் தேறியது ஏறக்குறைய 40 வரியுள்ள ஒரே பாட்டு, ஜீயஸ் துதி. ஒற்றைப்படையை இரட்டைப்படையாக்கவும் உனக்குத் தெரியும் என்று கடவுளிடம் பேசுகிற பாட்டு அது.

இன்னும் நாலே நாலு வரி வேறொரு வழியில் பிழைத்தன. ஜீயஸே, விதியே, நீங்கள் குறித்த இடத்துக்கு என்னை நடத்துங்கள், தயங்காமல் வருவேன், முரண்டு பிடித்தாலும் வந்துதான் தீருவேன் என்பது அதன் சாரம். எபிக்டெட்டஸின் கைந்நூலை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் அந்த வரிகள் இருக்கும். எழுதியவர் பெயர் அங்கே இருக்காது.