நடுராத்திரியில் பாடியவர்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பின் வணக்கம்.

கடன் தவணைத் தேதி நெருங்குகிறதே என்ற கவலையோடு இதைக் கேட்பவர்கள் இருப்பீர்கள். ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருப்பவர்களும், வெளியூரில் உள்ள பிள்ளையிடமிருந்து அழைப்பு வராமல் கலங்கியிருப்பவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் "சந்தோஷமாயிருங்கள்" என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. துக்கவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல வலிக்கும். ஆகவே, அதைச் சொல்ல உரிமை உள்ள ஒருவரிடம் உங்களை அழைத்துப்போகிறேன்.

மக்கெதோனியா நாட்டின் பிலிப்பி பட்டணம், ஏறக்குறைய கி.பி. 50. இயேசுவின் நற்செய்தியை அறிவித்துவந்த பவுலையும் அவருடைய உடன் ஊழியர் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துவந்து, துணியைக் கிழித்து, பலத்த அடி அடித்துச் சிறையில் தள்ளினார்கள். விசாரணை நடக்கவில்லை. சிறைச்சாலைக்காரன் அவர்களை உட்காவலறையில் அடைத்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினான். தொழுமரத்தில் கால் மாட்டிய மனிதன் புரண்டு படுக்க முடியாது. அடிபட்ட முதுகை எப்படிச் சாய்ப்பது? காயத்தில் காய்ந்த ரத்தத்தைக்கூட அதுவரை யாரும் கழுவவில்லை.

அந்த நடுராத்திரியில் அவர்கள் ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப் பாடினார்கள்.

இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது நாம் அதன்பின் வந்த பூமியதிர்ச்சிக்கும், அதில் திறந்த சிறைக்கதவுகளுக்கும் ஓடிவிடுகிறோம். எனக்கு அதற்கு முந்தைய நேரம்தான் பெரிதாகத் தெரிகிறது. கதவு திறக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. விடிந்தால் மறுபடியும் அடியா, மரணமா என்பதும் தெரியாது. பாட்டு முதலில் வந்தது. பூமியதிர்ச்சி பிறகுதான் வந்தது. வேதம் இன்னொன்றையும் சொல்கிறது: மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டுகள் கழித்து, மறுபடியும் சிறைப்பட்டவராய், அதே பிலிப்பி சபைக்குப் பவுல் ஒரு நிருபம் எழுதுகிறார். நான்கே அதிகாரங்கள். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனம் அதில்தான் இருக்கிறது. வாசித்துக் கேட்டவர்களில், அந்த இரவிலேயே விசுவாசிகளான சிறைச்சாலைக்காரனின் குடும்பமும் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது என் மனம் நெகிழ்கிறது.

அந்த வசனத்துக்குச் சற்று முன்னால் பாருங்கள்: எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு சகோதரிகளுக்குள் மனத்தாங்கல். சமாதானமாகுங்கள் என்று பெயர் சொல்லிக் கெஞ்சுகிறார். இரண்டாம் அதிகாரத்தில் தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டதை எழுதும்போது, தேவன் அவனுக்கு இரங்கினார், எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகாதபடிக்கு எனக்கும் இரங்கினார் என்கிறார். ஆக, மகிழச் சொன்னவர் துக்கத்தையும் ஒளிக்கவில்லை. கண்ணீர் விடுகிறவனுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த வசனத்தைத் திறந்து காட்டுங்கள்.

நம் கடற்கரையிலும் இப்படி ஒரு சிறை உண்டு. தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் நிற்கிறது. 1708 அக்டோபரில் அங்கிருந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனியத் தளபதி அவரைக் கைதுசெய்து அந்தக் கோட்டையில் அடைத்தார். வெளியே கடல் இரைந்துகொண்டிருக்க, உள்ளே நான்கு மாதங்கள். 1709 மார்ச்சில் வெளியே வந்தவர் விட்ட வேலையைத் தொடர்ந்தார். 1711 மார்ச்சில் முடித்தார். தமிழில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு அதுதான். பிலிப்பி சிறையின் கதையைத் தமிழில் எழுதிய கை, சிறைக்குள் இருந்துவந்த கை.

இனி, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அப்பாவை அடக்கம் செய்த அன்று இரவு, உறவினர்கள் மூலைக்கு ஒருவராகச் சாய்ந்திருந்தார்கள். ஏழு மணிக்கு அம்மா எழுந்து, தினமும் குடும்ப ஜெபத்துக்கு விரிக்கும் கோரைப்பாயை அதே இடத்தில் விரித்தார். அப்பா உட்காரும் ஓரம் காலியாக இருந்தது. "பாட்டுப் புத்தகத்தை எடுங்கள்" என்றார். இரண்டாவது வரியில் அவர் குரல் உடைந்தது. அடுத்த வரியை அக்கா எடுத்தாள். அவள் நிறுத்திய இடத்தில் நான் எடுத்தேன். யாரும் நன்றாகப் பாடவில்லை. ஆனால் பாட்டு முடியும்வரை பாடினோம். அம்மாவுக்கு அப்போது பாட வேண்டும் என்று தோன்றியிருக்காது. பாடுவது என்று அவர் தீர்மானித்திருந்தார். கிறிஸ்தவ மகிழ்ச்சியைத் தேர்ந்துகொள்வது என்றால் என்னவென்று அந்தப் பாயில்தான் எனக்குப் புரிந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். நாள் முழுவதும் பென்ஷன் விண்ணப்பத்துக்காக அலைந்து திரும்பிய அம்மா, விளக்கைக்கூடப் போடாமல் சுவரில் சாய்ந்துவிட்டார். மணி ஏழரை. பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலியோரம் வந்து நின்றார். அவர் கோயிலுக்குப் போகிறவர். எங்கள் ஆலயத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. எங்கள் வீட்டுப் பாட்டை அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, இன்றைக்குப் பாடவில்லையா?" என்று கேட்டார்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து விளக்கைப் போட்டு, பாயை எடுத்து உதறினார்.